நிரம்பியே இருந்த பாட்டில்

பெருங்குடியில் எங்கள் கட்டடத்து வாசலில் காலையில் இரண்டு வரிசை நிற்கும். இடது பக்கம் ஆண்கள். கையை விரித்தால் காவலர் மெட்டல் டிடெக்டரை மேலும் கீழும் ஓட்டி அனுப்பிவிடுவார். வலது பக்கம் பெண்கள்; பச்சைத் திரை கட்டிய தடுப்புக்குள் பெண் காவலர் ஒருவர் பையைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பார். எட்டரை மணி ஷிஃப்ட்டுக்கு வருகிறவர்கள் போனிலிருந்து கண்ணை எடுக்காமலேயே தத்தம் வரிசையில் போய்ச் சேர்ந்துகொள்வார்கள். அவர்களுக்கு அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

எங்கள் அலுவலகத்தில் ஒருவர் மட்டும் சர்வீஸ் சாலைக்கு அந்தப் பக்கம் டீக்கடையில் நிற்பார். டீ குடித்து முடித்து, கிளாஸை வைத்த பிறகும் நிற்பார். இரண்டு வரிசையும் கரைந்து, காவலர்கள் ரெஜிஸ்டரைத் திறந்து எழுத ஆரம்பித்த பிறகுதான் சாலையைக் கடப்பார். அந்த நேரத்தில் எந்தப் பக்கம் போனாலும் பின்னால் நின்று பார்க்க ஆள் இல்லை. கதவில் அட்டையைத் தேய்க்கும்போது எட்டு முப்பத்தொன்று, முப்பத்திரண்டு ஆகியிருக்கும். மாதத்தில் மூன்று தாமதம் சேர்ந்தால் அரை நாள் விடுப்பு போய்விடும் என்பது எங்கள் அலுவலக விதி. அவருடைய விடுப்புகள் பெரும்பாலும் அப்படித்தான் தீர்ந்தன.

என் இருக்கை கதவுக்கு நேர் எதிரே. தீர்த்து முடித்த பழைய பில்களைத் தணிக்கை செய்வது என் வேலை; யாரும் அவசரமாக வந்து என்னிடம் எதையும் கேட்பதில்லை. பேச்சும் எனக்குக் குறைவு. ஆகவே பார்க்க நேரம் கிடைக்கும்.

அவருக்கு இருபத்தாறு, இருபத்தேழு இருக்கலாம். முழங்கை வரை மடித்துவிட்ட கைத்தறிச் சட்டை, ஒரு காதில் மட்டும் சின்ன வெள்ளித் தோடு, காதுக்கு மேலே வெட்டிய முடி. அடையாள அட்டையில் உள்ள பெயர் ஆணுக்கும் வைப்பார்கள், பெண்ணுக்கும் வைப்பார்கள். சேர்ந்த வாரத்திலேயே குழுவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார், தான் ஆணும் இல்லை பெண்ணும் இல்லை, நான்-பைனரி என்று. “அப்போ திருநங்கையா, ப்ரோ?” என்று ஒரு பையன் கேட்டான். கேலியாகக் கேட்கவில்லை. “இல்ல. அவங்க பெண். எனக்கு ரெண்டு பெட்டியும் பொருந்தல” என்றார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அன்று மதியம் கேண்டீனில் அதைப் பற்றிச் சாப்பாட்டு நேரம் முழுக்கப் பேச்சு நடந்தது, அவர் இல்லாத மேசையில்.

பிறந்தபோது சான்றிதழில் என்ன எழுதினார்கள் என்று வாசிக்கிறவருக்குக் கேட்கத் தோன்றும். அலுவலகத்திலும் எல்லோருக்கும் தோன்றியது. ஹெச்.ஆர். பக்கம் போய் ஜாடையாக விசாரித்தவர்களும் உண்டு. எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் இங்கே எழுதத் தேவை வந்திருக்காது.

எங்களுடையது டிபிஏ. காப்பீட்டு நிறுவனங்களுக்காக மருத்துவமனைக் கோரிக்கைகளைப் பார்த்து ‘ஆம்’, ‘இல்லை’ சொல்லும் இடம். கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள் பதில் போக வேண்டும், டிஸ்சார்ஜ் ஒப்புதல் மூன்று மணி நேரத்துக்குள் என்று 2024-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ விதி போட்டதிலிருந்து எல்லோர் திரையிலும் சிவப்பு எண்கள் இறங்கிக்கொண்டே இருக்கும். இந்த வேலையில் அவர் கெட்டிக்காரர். பாலிசியில் ஒரு பாலினம், ஆதாரில் இன்னொன்று என்று கோரிக்கைகள் அவ்வப்போது வரும். மற்றவர்கள் ‘விளக்கம் தேவை’ என்று திருப்பிவிட்டு அடுத்ததற்குப் போவார்கள். திருப்பினால் கடிகாரம் நின்றுவிடும், நம் கணக்கு கெடாது. மருத்துவமனையில் பில் கவுன்ட்டர் முன்னால் ஒரு குடும்பம் உட்கார்ந்திருப்பது நம் திரையில் தெரியாது. அவர் திருப்ப மாட்டார். மருத்துவமனையின் காப்பீட்டு மேசைக்குப் போன் போட்டு, பாலிசி எண்ணையும் பிறந்த தேதியையும் சரிபார்த்து, அங்கேயே முடித்துவிடுவார். பிறகு தணிக்கைக்கு என் மேசைக்கு அந்தக் கோப்புகள் வரும்போது பார்ப்பேன். ஒரு பிழை இருக்காது.

ஒவ்வொரு கோரிக்கைக்கும் நோயின் குறியீட்டு எண் போட வேண்டும். எங்கள் மென்பொருளில் இருப்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி பட்டியல், பத்தாம் பதிப்பு. மனநோய்கள் எல்லாம் எஃப் என்ற எழுத்தில் தொடங்கும். எஃப் 32 மனச்சோர்வு. எஃப் 41 பதற்றம். எஃப் 63-இல் சூதாட்டப் பித்தும் திருட்டுப் பித்தும். அதற்கு அடுத்தது எஃப் 64, பாலின அடையாளக் கோளாறு. பதினோராம் பதிப்பில் இதை மனநோய் அத்தியாயத்திலிருந்தே எடுத்து, பாலியல் நலம் என்ற வேறு அத்தியாயத்தில் வைத்துவிட்டார்கள். ‘கோளாறு’ என்ற பெயரும் போயிற்று. அந்தப் பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. எங்கள் மென்பொருளுக்கு வந்து சேரவில்லை. எஃப் 41-ஐத் தேடி இறங்குகிறவர் விரல் சற்றுக் கூடுதலாக உருட்டினால் போதும், எஃப் 64 கண்ணில் படும். அவருக்குத் தினமும் பட்டிருக்கும்.

ஜன்னலோரத்தில் இருந்த அவர் மேசையில் ஒரு லிட்டர் ஸ்டீல் பாட்டில் இருந்தது. காலையில் வந்ததும் டிஸ்பென்சரில் நிரப்பி வைப்பார். மாலை போகும்போது அதைச் செடித் தொட்டியில் ஊற்றிவிட்டுப் போவார். இதைக் கவனிக்க எனக்குச் சில வாரங்கள் ஆயின. குடிப்பதே இல்லை. உதட்டை நனைத்துக்கொள்வதோடு சரி. சித்திரை மாதம், ஏசி ஒரு பக்கம் பழுது, எல்லோரும் பாட்டில் பாட்டிலாகக் குடித்துக்கொண்டிருந்த நாட்களிலும் அப்படித்தான். எங்கள் மாடியில் இரண்டு கழிப்பறைகள், லிஃப்ட்டுக்கு எதிரே, அக்கம்பக்கமாக. கதவில் மீசை வரைந்த படம் ஒன்று, பொட்டு வைத்த படம் ஒன்று. ஒரு முறை அவர் ஒரு கதவுக்குள் போய், போன வேகத்திலேயே வெளியே வந்தார். உள்ளே இருந்து யாரோ சிரித்த சத்தமும் கூடவே வந்தது. அதன் பிறகு அவர் அந்தப் பக்கம் போய் நான் பார்க்கவில்லை. சிறுநீர்த் தொற்றுக் கோரிக்கைகள் எங்களிடம் தினமும் வருகின்றன. தண்ணீர் குடிக்காவிட்டால் என்ன ஆகும் என்று அந்த அறையில் இருப்பவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

லிஃப்ட் வாசலில், தீ விபத்து வழித்தட வரைபடத்துக்கும் லிஃப்ட் சான்றிதழுக்கும் நடுவே, சட்டம் போட்ட ஒரு அறிவிப்பு தொங்குகிறது. லிஃப்ட் தாமதமாகும்போது நான் படித்திருக்கிறேன். 2019-இல் வந்த திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், 2020-இல் அதற்கு எழுதிய விதிகள். வேலையிடத்தில் பாகுபாடு காட்டக் கூடாது; ஒவ்வொரு நிறுவனமும் புகார் அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும்; எல்லோருக்கும் பொதுவான கழிப்பறை, போக்குவரத்து, காவல் ஆகியவற்றுக்கு என்ன ஏற்பாடு என்பதைச் சமவாய்ப்புக் கொள்கையில் சொல்ல வேண்டும்; ஊழியரின் பாலின அடையாளத்தை ரகசியமாக வைக்க வேண்டும். அந்தச் சட்டம் எழுதப்பட்டபோது அதன் வரையறையில் அரவாணி, ஹிஜ்ரா, ஜோக்தா என்ற மரபுப் பெயர்களோடு ஜெண்டர்குயர் என்ற புதுப்பெயரும் இருந்தது. ஆக, ஜன்னலோரத்துக்காரர் அந்தக் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தார். பொதுக் கழிப்பறைதான் கட்டடத்துக்குள் இல்லை. கட்டடம் வாடகைக்கு எடுத்தது, உரிமையாளரிடம் கேட்க வேண்டும் என்று நிர்வாகப் பிரிவு பதில் சொன்னதாகக் கேள்வி. புகார் அலுவலராக எழுதியிருந்த பெயருக்கு உரியவர் அலுவலகத்தை விட்டுப் போய்ப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

தீர்த்து வைத்தது துப்புரவு அக்கா. சேலம் பக்கத்துக்காரர், காலை ஆறு மணிக்கு வந்துவிடுவார். படிக்கட்டுக்கு அருகே மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறை ஒன்று உண்டு. அதில் வாளி, மாப், பினாயில் கேன், பழுதான நாற்காலி இரண்டு என்று அடைத்துப் பூட்டி வைத்திருந்தார்கள். (சக்கர நாற்காலியில் வருகிறவர் எங்கள் மாடியில் யாருமில்லை. வந்திருந்தால் அவர் எங்கே போயிருப்பாரோ.) ஒரு நாள் அக்கா அதையெல்லாம் வெளியே இழுத்துப் போட்டுக் கழுவினார். நிர்வாகப் பிரிவுப் பையன் வந்து, “இதெல்லாம் எங்கக்கா வைப்பீங்க?” என்றான். “மாடிப்படிக்கு அடியில வச்சுக்கறேன். சாவியக் குடு.” சாவியை வாங்கி, நேரே ஜன்னலோரத்துக்கு வந்து மேசையில் வைத்தார். “கண்ணு, அந்த ரூமு சுத்தமா இருக்கு. சோப்பு வச்சிருக்கேன்” என்றார். காரணம் சொல்லவில்லை, கேட்கவுமில்லை. அவர் எழுந்து நின்றுவிட்டார். என்ன சொல்வதென்று தெரியாமல், “தேங்க்ஸ்க்கா” என்றார். அன்று மதியத்துக்குள் பாட்டில் இரண்டு முறை நிரம்பியது.

ஜூன் மாதம் வந்தது. சென்னையில் வானவில் பேரணி 2009-இலிருந்து நடக்கிறது. அலுவலகங்கள் அதைக் கண்டுகொண்டது பிற்பாடு. எங்கள் கேண்டீனில் வானவில் நிறத்தில் பலூன், கப் கேக். மனநலம் பற்றி ஒரு மணி நேர உரை. பேச வந்தவர் எல்லோரையும் கண்ணை மூடி மூச்சை இழுத்துவிடச் சொன்னார். நான் மூடவில்லை. இன்னொருவரும் மூடவில்லை. அவர் கையிலிருந்த போனில் நிலுவைக் கோரிக்கைகளின் சிவப்பு எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். உரை முடிந்ததும் ஹெச்.ஆர். அவரை முன்னால் அழைத்து, கப் கேக் தட்டைக் கையில் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டது. அந்தப் படம் அலுவலகத்தின் சமூக ஊடகப் பக்கங்களில் எல்லாம் வந்தது. வெளியிடலாமா என்று கேட்டார்களா என்பது தெரியாது. ஊரில் அவருடைய வீட்டிலும் யாரோ பார்த்திருக்கிறார்கள். அடுத்த வாரம் போன் வந்தபோதெல்லாம் அவர் படிக்கட்டுப் பக்கம் போய்ப் பேசினார்; திரும்பி வரும்போது முகம் கழுவியிருந்தார்.

ஆடியில் இரவு ஷிஃப்ட். கேஷ்லெஸ் மேசைக்கு ராத்திரி பகல் கிடையாது. இரவு வேலை பார்க்கும் பெண்களுக்கு வாகனமும் பாதுகாப்பும் தர வேண்டும் என்பது தமிழ்நாட்டில் அரசு விதித்திருக்கும் நிபந்தனை. எங்கள் வண்டி மென்பொருள் அதை ஒழுங்காகச் செய்யும். கடைசியாக இறங்குகிறவர் பெண் என்றால் கூடவே ஒரு காவலர் ஏறுவார். ஹெச்.ஆர். பதிவில் இவருக்குப் பாலினம் ‘மற்றவை’. அவர் கேட்டபடிதான் போட்டிருந்தார்கள், அதற்காக நன்றியும் சொல்லியிருந்தார். மென்பொருள் பெண்களை மட்டும் தேடும்; மற்றவர் எல்லாம் அதற்கு ஆண்கள். அவருடைய வீடு மேடவாக்கம் தாண்டி, வழித்தடத்தின் கடைசி. விடியற்காலை மூன்று மணிக்கு டிரைவரும் அவரும் மட்டும்.

குழுத் தலைவியிடம் அவர் இதைச் சொன்னது என் மேசைக்கு அருகில்தான். தலைவி விழுப்புரத்துக்காரர், இரண்டு பிள்ளைகளின் அம்மா, எப்போதும் எரிச்சலிலேயே இருப்பது போலத் தெரிவார்.

“டிரைவர் கண்ணாடியத் திருப்பிப் பார்த்துட்டே ஓட்டுறாருக்கா. நீ யாரு, ஆம்பளையா பொம்பளையான்னு கேக்குறார். நேத்து வண்டிய நிறுத்திட்டுக் கேட்டார்.”

“வண்டி நம்பர் சொல்லு” என்றார் தலைவி. வேறெதுவும் கேட்கவில்லை. போக்குவரத்து மேசைக்காரரைப் போனில் பிடித்தார்.

“ரூல்ல பெண்கள்னுதான் மேடம் இருக்கு.”

“மத்தவங்களுக்குக் கார்டு ஏத்தக் கூடாதுன்னு ரூல்ல இருக்கா?”

“அப்படி இல்ல மேடம்…”

“அப்ப ஏத்துங்க. மெயில் போடறேன்.”

அன்றிரவே காவலர் ஏறினார். அந்த டிரைவர் எங்கள் வழித்தடத்துக்குத் திரும்ப வரவில்லை. மென்பொருளை மாற்றச் சொல்லிய வேண்டுகோள் நிலுவையில் இருக்கிறது.

ஆனால் அதற்குள் ஏதோ ஒன்று தேய்ந்துபோயிருந்தது. பார்த்துக்கொண்டே இருக்கிறவனுக்குச் சின்னச் சின்னதாகத்தான் தெரியும். டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு அப்படியே மூடுவார். ஒரே கோரிக்கையை மூன்று முறை திறந்து மூடுவார். மருத்துவமனைக்குப் போன் போடுவது நின்றது. அவரும் ‘விளக்கம் தேவை’ என்று திருப்ப ஆரம்பித்தார். யாராவது பின்னால் நாற்காலியை இழுத்தால் தோள் தூக்கிப் போடும். மாதக் கடைசியில் அவருடைய பிழை விகிதம் திரையில் சிவப்பில் வந்தபோதுதான் நிர்வாகத்துக்கு விஷயம் தெரிந்தது. பிறகு இருக்கை காலியாகவே கிடந்தது.

மருத்துவச் சான்றிதழ் வந்தது. ரகசியம் என்று லிஃப்ட் வாசலில் எழுதியிருந்ததற்கும் சம்பளப் பிரிவுக்கும் நடுவில் எங்கோ ஓட்டை; மதியத்துக்குள் கேண்டீன் முழுவதும் எஃப் 41 என்று தெரிந்துவிட்டது. “கீழ்ப்பாக்கமா?” என்று ஒருவர் சிரித்தார். 1794-லிருந்து மனநலம் பார்த்துவரும் மருத்துவமனை அது. இந்த ஊர் அதன் பெயரை வசவாக்கி வைத்திருக்கிறது. இன்னொருவர் நிஜமான அக்கறையோடு, “எங்க ஏரியாவுல ஒரு டாக்டர் இருக்கார். இந்த மாதிரி கேஸ் எல்லாம் சரி பண்ணிடுவார். நம்பர் தரட்டா?” என்று தலைவியிடம் வந்தார்.

அப்படிச் ‘சரி பண்ணுவதற்கு’ அனுமதி இல்லை என்பது சொன்னவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று அளித்த உத்தரவில் பாலின அடையாளத்தை மாற்ற முயலும் இத்தகைய சிகிச்சைகளுக்குத் தடை சொன்னார். அடுத்த ஆண்டு தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. அந்த வழக்கில் எனக்கு வியப்பாக இருப்பது வேறு. இந்த மனிதர்களைப் பற்றித் தமக்குப் போதிய புரிதல் இல்லை என்று நீதிபதி வெளிப்படையாகவே எழுதினார். தீர்ப்பு எழுதுவதற்கு முன் உளவியலாளர் ஒருவரிடம் தாமே போய் உட்கார்ந்து பாடம் கேட்டார். எங்கள் ஹெச்.ஆரில் யாரும் அந்த அளவு போனதாகத் தெரியவில்லை. தலைவி மட்டும் அக்கறைக்காரரிடம், “நம்பர நீங்களே வச்சுக்குங்க” என்றார்.

செலவுதான் பெரிய கேள்வி. மனநோய்க்கும் உடல்நோய்க்கும் ஒரே அடிப்படையில் காப்பீடு தர வேண்டும் என்கிறது 2017 மனநலச் சட்டம். 2022-இல் ஐஆர்டிஏஐ அதை மறுபடி வலியுறுத்தவும் செய்தது. எங்கள் குழுக் காப்பீட்டிலும் மனநோய் உண்டு, மருத்துவமனையில் சேர்ந்தால். வாரம் ஒரு முறை ஆலோசகரிடம் போய்ப் பேசிவிட்டு வருவது புறநோயாளிக் கணக்கு. அதற்கு ஒரு ரூபாய் கிடையாது. படுத்துவிட்டால் பணம் வரும், படுக்காமல் இருக்கப் பார்த்தால் வராது. அவருக்கு இது தெரியாதா என்ன! அந்த விதியைச் சொல்லி எத்தனையோ பேருக்கு மறுப்புக் கடிதம் அனுப்பியவர் அவர். நிறுவனம் இலவசமாகத் தருவது தொலைபேசி ஆலோசனை, சில முறை மட்டும். அதற்கான படிவத்தில் பாலினத்துக்கு இரண்டே கட்டம்.

திரும்பி வந்த முதல் நாள் டீக்கடையில் தலைவியும் நின்றிருந்தார். நான் பெஞ்சில்.

“டாக்டர் என்ன சொன்னாங்க?”

“எதுக்கு பயம் வருதுன்னு கேட்டாங்க. காலைல எட்டரை மணிக்குன்னு சொன்னேன்.”

தலைவி சிரிக்கவில்லை. வாசலைப் பார்த்தார். இரண்டு வரிசையும் நீளமாக நின்றிருந்தன. இத்தனை நாள் அவரும் போனைப் பார்த்தபடியே அந்த வரிசையில் நின்று வந்தவர்தான். “ஒன்பது மணிக்கு வா. ஆறு மணிக்குப் போ. நான் சிஸ்டத்துல மாத்திடறேன்” என்றார். ஒன்பது மணிக்கு வாசலில் வரிசை இருக்காது. அரை மணி நேரத்தைத் தள்ளி வைப்பதற்கு யார் அனுமதியும் தேவைப்படவில்லை, செலவும் இல்லை. பலூனுக்கு ஆன செலவுகூட இல்லை. திங்கள்கிழமைகளில் பத்து நிமிடம் இருவரும் படிக்கட்டுப் பக்கம் நின்று பேசுவார்கள். கோரிக்கைகளைப் பற்றித்தான் பாதி. இரவு ஷிஃப்ட்டிலிருந்து மூன்று மாதம் விலக்கு. குழுவில் ஒருவன் முணுமுணுத்தான். போன வருடம் அவன் அப்பாவுக்கு பைபாஸ் ஆனபோது யார் ஷிஃப்ட் மாற்றிக் கொடுத்தது என்று தலைவி கேட்டார். முணுமுணுப்பு நின்றது. மனம் மாறியதா என்பது வேறு கதை.

எல்லாம் சரியாகிவிடவில்லை. வாசலில் வரிசை இரண்டுதான். எஃப் 64 பட்டியலில் அப்படியே இருக்கிறது. புகார் அலுவலர் பெயரை மாற்றிவிட்டார்கள், கண்ணாடிக்கு மேலே ஒரு தாளை ஒட்டி.

கார்த்திகையில் ஒரு நாள் பிற்பகல். அந்த அறையில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. அன்று லிஃப்ட் வரை கேட்டது. திருநெல்வேலியிலிருந்து ஒரு கோரிக்கை. நோயாளி எஃப் 32, ஆறு நாள் உள்நோயாளி. எங்கள் மருத்துவ அலுவலர், ‘புறநோயாளியாகவே சிகிச்சை அளித்திருக்கலாம், அனுமதி தேவையற்றது’ என்று எழுதி மறுத்திருந்தார். இந்த வரி எங்களிடம் தயாராகவே இருக்கும், ஒட்டினால் போதும்.

அவர் தாளை எடுத்துக்கொண்டு மருத்துவரின் அறைவாசலுக்குப் போய்விட்டார். “ஓபியில பார்த்திருக்கலாம்னு எழுதுறீங்க டாக்டர். ஓபியில பார்த்தா நாம பணம் தர்றோமா?”

“அது பாலிசி. அதை நான் எழுதல.”

“இதை எழுதினீங்க இல்ல? சாப்பிடல, தூங்கல, தனியா விட முடியலன்னு டாக்டர் நோட்ஸ்ல இருக்கு. ரெண்டாம் பக்கம் படிச்சீங்களா?”

நாற்காலிகள் திரும்பின. தலைவி எழுந்து, வரலாமா வேண்டாமா என்று நின்றார். மருத்துவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “கத்தாதீங்க. நர்ஸ் சார்ட் இல்லாம நான் எப்படிப் பாஸ் பண்றது? ஆடிட்ல என்னைத்தான் கேப்பாங்க.”

“பதினோரு நிமிஷம் இருக்கு. இப்பவே போன் போட்டு வாங்கறேன். வந்தா பாஸ் பண்ணுவீங்களா?”

“முதல்ல வரட்டும்.”

“பண்ணுவீங்களான்னு கேட்டேன்.”